வெளிக்குப் போவது வேறு, வெளியூர் போவது வேறு

அனுப்புநர்:
பிழை திருத்துநர்,
பாடநூல் அச்சகம்
(தரைத்தளம். முன்பு இரண்டாம் மாடி.)

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மறுவாழ்வு மருத்துவப் பணிகள்;
மற்றும் தலைவர், பயனற்ற பிரிவுகளைக் கண்டறியும் ஆய்வுக் குழு.

பொருள்: முதுகுத் தண்டுவடம் முறிந்தோர் மலம் கழிப்பதற்காக நடத்தப்பட்ட, கத்தியில்லாச் சிகிச்சை அறை – பூட்டப்பட்டது – அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு முன் திறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் முதல் மனு (அநாகரிகம் எனத் திருப்பப்பட்டது). 2. என் இரண்டாம் மனு (நாகரிகமாக இருந்ததால் புரிந்துகொள்ளப்படவில்லை). 3. தங்கள் குழுவின் ஆய்வறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

(மேற்கண்ட மதிப்பு வழக்கத்தை ஒட்டியது. மனுவின் மேல் தாங்கள் எடுக்கும் நடவடிக்கையைப் பொறுத்து மறுபரிசீலனைக்கு உட்பட்டது.)

1. பொருள் வரியில் உள்ள ஒரு சொல்லைக் கண்டு தாங்கள் முகம் சுளித்திருக்கலாம். அச்சொல்லைத் தவிர்த்து ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதன் பயனாக எனக்கு ஒரு பேருந்துப் பயண அட்டை கிடைத்தது. ஆகவே இம்முறை சொல்லை மாற்றுவதாக இல்லை. முகத்தைத் தாங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

2. நான் பாடநூல் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துபவன். இரண்டாண்டுகளுக்கு முன் அச்சகக் கிடங்கில் அடுக்கு ஒன்று சரிந்து, அதிலிருந்த புத்தகக் கட்டுகள் என் மேல் விழுந்தன. முதுகெலும்பு மார்பு மட்டத்தில் முறிந்தது. விழுந்தவை 'பணியிடப் பாதுகாப்பு' என்னும் கையேட்டின் கட்டுகள். அக்கையேட்டில் பிழை எதுவும் கிடையாது, நான் திருத்தியது.

3. தண்டுவடம் முறிந்தால் கால் வராது என்பது ஊருக்கெல்லாம் தெரியும். காலைப் பார்த்து இரங்குகிறார்கள், வழிவிடுகிறார்கள். குடலும் வராது என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. மூளையிலிருந்து குடலுக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டது. குடல் தன் போக்கில் மெல்ல நகரும். எப்போது நிறைந்தது என்று எனக்குச் சொல்லாது. எப்போது காலியாக வேண்டும் என்று என்னைக் கேட்காது. சில நாட்கள் தொடர்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நாள், பலர் கூடியிருக்கும் இடமாகப் பார்த்துத் திறந்துகொள்ளும்.

இதில் வெறும் அவமானம் மட்டும் இருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன். அவமானத்துக்கு மனு எழுதத் தொடங்கினால் காகிதம் போதாது. என்னைப் போல் மார்பின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் குடல் அடைத்தால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும். மண்டை பிளப்பதுபோல் வலிக்கும். முகமும் கழுத்தும் வியர்த்துக் கொட்டும். அடைப்பு நீங்கும்வரை அழுத்தம் இறங்காது. இறங்காவிட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கலாம். சுருங்கச் சொன்னால், மற்றவர்களுக்கு மலச்சிக்கல் என்பது ஒரு முணுமுணுப்பு. எனக்கு அது உயிர்ச்சிக்கல். நம் மொழியில் இதற்குக் காலைக்கடன் என்று பெயர் வைத்தவர் விவரமானவர். தவணை தவறினால் ஜப்திக்கு ஆள் வரும் என்பதை அவர் அறிந்திருக்கிறார்.

4. மறுவாழ்வு மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவைப் பிரிவுக்கு அடுத்ததாக, குடல் பயிற்சி அறை என்று ஓர் அறை இருந்தது. அதன் பொறுப்புச் செவிலியரை நாங்கள் 'அலாரம் அக்கா' என்று அழைத்தோம். ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் உட்கார வேண்டும் என்பதில் அவர் சிறிதும் இறங்கிவர மாட்டார் என்பதால் அந்தப் பெயர். முதல் நாள் அவர் எனக்குச் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன். பிழை திருத்துவது என் தொழிலாக இருந்தும், இம்மனுவில் யாருடைய பேச்சையும் நான் திருத்தவில்லை.

"உங்க குடலுக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை நின்னு போச்சு சார். புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரி வெச்சுக்கோங்க. நடுவுல ஒரு ஆள் இருந்து ரெண்டு பக்கமும் பேசணும். அந்த ஆள் நீங்கதான். கத்துக்கோங்க."

கற்றுக்கொண்டேன். காலையில் சாப்பிட்டு, சூடாக ஏதாவது குடித்துவிட்டு, சிறிது நேரம் கழித்து உட்கார வேண்டும். வயிறு நிறைந்ததும் குடல் தானாகக் கொஞ்சம் அசையும், அந்த அசைவை வீணாக்கக் கூடாது. வயிற்றை வலப்பக்கம் அடியிலிருந்து மேலாக, குறுக்காக, பிறகு இடப்பக்கம் கீழாக அழுத்தித் தேய்க்க வேண்டும். குடல் போகும் வழி அதுதான், எதிர்த்திசையில் தேய்த்தால் ஒருவழிப் பாதையில் எதிரே வண்டி ஓட்டியதுபோல் ஆகும். கையுறை அணிந்த விரலால் ஆசனவாயை உள்ளிருந்து மெல்லச் சுற்றித் தூண்டினால், மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் அது திறக்கும். (இவ்விடத்தில் தாங்கள் மறுபடி முகம் சுளித்தீர்கள். விரல் என்னுடையது, தங்களுக்கு இடையூறு இல்லை.) இவை போதாதவர்களுக்கு வெதுவெதுப்பான நீரை உள்ளே மெதுவாகச் செலுத்திக் குடலைக் கழுவும் கருவி. அதோடு, வயிற்றின் மேல் பட்டைகளை ஒட்டி, சிறு பெட்டியிலிருந்து மெல்லிய மின்துடிப்பு அனுப்பித் தசைகளைச் சுருங்கச் செய்யும் இயந்திரம்.

இவற்றில் எது யாருக்கு எவ்வளவு என்பதுதான் வித்தை. ஒருவருக்குத் தேய்ப்பதே போதும்; ஒருவருக்கு எல்லாம் வேண்டும்; சிலருக்கு எதுவுமே பலிக்காது. இதை அலாரம் அக்காவே முதல் நாளில் சொன்னார். "நான் மந்திரவாதி இல்ல. ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கணும். அவசரப்பட்டா குடல் கோவிச்சுக்கும்." எனக்கு நீர்க்கருவியும் மின்துடிப்பும் சேர்ந்தால்தான் பலித்தது. கருவியின் குழாய்முனைகளை அவ்வப்போது புதிதாக வழங்குவதும், மின்துடிப்பின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பதும் அந்த அறையில்தான் நடந்தது. வேறெங்கும் நடக்கவில்லை.

5. பலித்தது என்றால் என்ன பொருள் என்பதைத் தாங்கள் அறிய வாய்ப்பில்லை. பயமில்லாமல் சாப்பிட்டேன். வேலைக்குத் திரும்பினேன். பக்கத்து மேசைக்காரர் என் நாற்காலிக்கு அருகில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். என் மனைவி, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக வேலை பார்ப்பவர், காலை நேரப் பணிக்கு மறுபடியும் போகத் தொடங்கினார். வீட்டில் சண்டைகூட வழக்கமான காரணங்களுக்காக நடந்தது. "இன்னைக்கு ஆச்சா?" என்று கேட்டு நாளைத் தொடங்கும் தம்பதிகள் உலகில் எத்தனை பேர் என்று தெரியவில்லை, ஆனால் "ஆச்சு" என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஒரு பெண்ணின் முகம் அப்படி மலர்வதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திருமணத்துக்கு அவர் சம்மதம் சொன்ன அன்று நான் மலர்ந்ததைவிட அது கூடுதல்.

6. இந்நிலையில் தங்கள் தலைமையில் ஆய்வுக் குழு அறைக்கு வந்தது. அப்போது நான் அங்கே இருந்தேன். சக்கரம் வைத்த, நடுவில் துளையுள்ள நாற்காலியில், இடுப்பு முதல் பாதம்வரை போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தேன். போர்வைக்குள் இடக்கை வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வலக்கையில் ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் அச்சுப்படி. குழுவின் உறுப்பினர் ஒருவர் என்னிடம், "என்ன சார், ஜாலியா உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க போல?" என்று கேட்டார். "வேலை நடந்துட்டு இருக்கு சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நாற்காலியின் அடியில் அதற்கான சான்றும் இருந்தது. குழு குனிந்து பார்க்கவில்லை.

பார்வை மூன்றில் கண்ட அறிக்கை இதைப் பின்வருமாறு பதிவு செய்திருக்கிறது: "ஆய்வின்போது பயனாளி ஒருவர் நாற்காலியில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். சிகிச்சை எதுவும் காணப்படவில்லை. அறை ஓய்வறையாகப் பயன்படுத்தப்படுவது தெரியவருகிறது." கழிவறையை ஓய்வறை என்று நாகரிகமாகச் சொல்பவர்களும் உண்டு என்பதால், இந்தக் கடைசி வாக்கியம் முழு உண்மை. அதையும் குழு தெரியாமல்தான் எழுதியிருக்கிறது.

7. பிறகு தாங்கள் அலாரம் அக்காவிடம் கேட்டீர்கள்: "ஏம்மா, ஊசி எங்க? மருந்து எங்க? வயித்தைத் தடவி விடறதெல்லாம் ட்ரீட்மெண்ட்டா? எங்க வீட்டம்மாகூடக் குழந்தைக்குத் தடவி விடறாங்க. அவங்களுக்கும் போஸ்டிங் போட்டுடலாமா?"

குழுவினர் அனைவரும் சிரித்தார்கள். தலைவர் சிரிப்புக் காட்டினால் உறுப்பினர்கள் சிரிப்பது நடைமுறை என்பதை நான் மறுக்கவில்லை.

அலாரம் அக்கா சிரிக்கவில்லை. "தாராளமா போடுங்க சார். காலையில ஆறு மணிக்கு வரச் சொல்லுங்க, கையுறை நான் தரேன்" என்றார்.

இம்முறை குழுவினர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். சிரித்தால் வயிற்றில் அழுத்தம் கூடும் என்பதால் அது சிகிச்சைக்கும் உதவியது. ஆனால் அந்த ஒரு பதிலுக்கான விலையை நான் அன்று கணக்கிடத் தவறிவிட்டேன்.

8. பத்து நாட்களுக்குள் ஆணை வந்தது. "உடலில் கீறலோ துளையோ ஏற்படுத்தாத, மருந்து நுகர்வு மிகக் குறைந்த நடவடிக்கைகள் சிகிச்சை என்னும் வரையறைக்குள் வாரா" என்று அதில் கண்டிருந்தது. பிழை திருத்துபவன் என்ற முறையில் 'வாரா' என்ற எதிர்மறைப் பன்மை வினைமுற்றைச் சரியாகக் கையாண்டதற்காகத் தங்கள் அலுவலகத்தைப் பாராட்டக் கடமைப்பட்டுள்ளேன். மற்றபடி, இந்த வரையறையின்படி, இருட்டுச் சந்தில் கத்தியைக் காட்டி வழிமறிப்பவர் மருத்துவத்துக்கு மிக அருகில் இருக்கிறார். வயிற்றைத் தேய்த்து உயிரைக் காப்பாற்றுபவர் வெகு தொலைவில் இருக்கிறார்.

அறை பூட்டப்பட்டது. உள்ளே இப்போது கால் உடைந்த நாற்காலிகள் அடுக்கப்பட்டிருப்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். கால் செயலிழந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கால் உடைந்தவற்றை உள்ளே வைத்திருக்கிறீர்கள். மின்துடிப்பு இயந்திரம் நிர்வாகக் கண்காணிப்பாளரின் கழுத்து வலிக்காக அவர் அறைக்குப் போயிருப்பதாகக் காவலாளி தெரிவிக்கிறார். கண்காணிப்பாளரின் கழுத்து விரைவில் குணமடைய வாழ்த்துகிறேன். எங்கள் கோப்புகளின் பக்கம் அது திரும்ப வேண்டியிருக்கிறது. அலாரம் அக்கா, பார்வையாளர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். போன வாரம் என்னைப் பார்த்ததும் சீட்டில் முத்திரை குத்தியபடியே, "தேய்க்கிறதை மட்டும் விட்டுடாதீங்க சார்" என்றார். பின்னால் நின்றவர் தன்னிடம் சொல்கிறார் என்று நினைத்து எதைத் தேய்ப்பது என்று கேட்டார்.

9. அறையைத் திறக்கக் கோரி முதல் மனுவை எழுதினேன். மலம் என்ற சொல் அதில் சில இடங்களில் வந்தது. மனு திரும்பி வந்தது. ஓரத்தில் "மொழிநடை அநாகரிகம்" என்ற குறிப்பு. நேரில் சென்று கேட்டபோது தங்கள் அலுவலகத்தின் பிரிவு எழுத்தர் பொறுமையாக விளக்கினார்.

"சார், ஐயா பாக்குற ஃபைல் இது. காலையில டிபன் சாப்பிட்டு வந்து உக்கார்றாங்க. மொத பக்கத்துலயே இப்படி எழுதியிருந்தா எப்படி? நாலு பேர் முன்னாடி வீட்ல எப்படிச் சொல்வீங்க? அப்படி எழுதுங்க."

வீட்டுக்கு வந்து நாலு பேர் முன்னிலையில் சொல்லத்தக்க சொல்லைத் தேடினோம். காலைக்கடன் என்று எழுதலாம் என்றேன். "கடன்னு எழுதினா லோன் செக்‌ஷனுக்கு அனுப்பிடுவாங்க. சும்மா இருங்க" என்றார் மனைவி. ஒதுங்க முடியவில்லை என்று எழுதலாமா என்றேன். "ஒதுங்க இடம் இல்லன்னு நெனச்சு வீட்டு வசதிக்கு அனுப்புவாங்க. அங்க போனா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலதான் பதில் வரும்." அவருடைய தம்பி, என் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எல்லா அலுவலகங்களுக்கும் வருபவர், "மாமா, வெளிக்குப் போறதுன்னு எழுதுங்க. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்" என்றார். அது சரிதான். சின்னக் குழந்தைகள் யாரும் தங்கள் அலுவலகத்தில் பணிபுரியவில்லை என்பதை நாங்கள் கருத்தில் கொள்ளவில்லை.

10. பார்வை இரண்டில் கண்ட மனுவில் நான் எழுதியது இது: "விபத்துக்குப் பின் என்னால் தானாக வெளிக்குப் போக முடிவதில்லை. மனைவியின் துணையுடன் போவதற்கே காலைப் பொழுது முழுவதும் கழிந்துவிடுகிறது. சில நாட்கள் போகவே முடிவதில்லை. அந்நாட்களில் தலைவலியும் படபடப்பும் உண்டாகின்றன. மருத்துவமனையின் உதவி கிடைத்தவரை நாள்தோறும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தேன்."

தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் இது: "மனுதாரர் வீட்டிலேயே அடைந்து கிடப்பதால் மனச்சோர்வுக்கு உள்ளாகியிருப்பது கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. அவர் நாள்தோறும் வெளியே போய்வரும் பொருட்டுத் துணையாளர் ஒருவருடன் பேருந்தில் செல்லச் சிறப்புப் பயண அட்டை இத்துடன் வழங்கப்படுகிறது. இயன்றவரை கூட்ட நெரிசல் இல்லாத நேரங்களில் போகுமாறு மனுதாரர் அறிவுறுத்தப்படுகிறார். போய்வந்த இடங்களின் விவரத்தை மாதந்தோறும் இவ்வலுவலகத்துக்குத் தெரிவிக்கவும்."

கடிதத்தோடு, கண்டுகளிக்கத்தக்க இடங்களைப் பற்றிய வண்ணக் கையேடு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. அட்டையில் ஓர் அருவி.

ஐயா, நாங்கள் மூவரும் சிரித்தோம். மைத்துனர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "மாமா, ஜன்னலோரமா எடம் புடிச்சுத் தரேன், கவலைப்படாம போங்க" என்றார். என் மனைவி சிரித்துக்கொண்டே இருந்தவர், எந்த இடத்தில் அழத் தொடங்கினார் என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அவர் அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டது இது: "இத்தனை நாள் உங்களுக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தருக்குக்கூடப் புரியல, இல்ல?" அதற்குப் பதில் தங்களிடம் இருந்தால் எழுதவும்.

நகைப்புக்குரிய பிழைதான். ஆனால் பிழைகளில் இரண்டு வகை உண்டு என்பதை என் தொழில் எனக்குச் சொல்கிறது. எழுத்துத் தெரியாமல் செய்வது ஒன்று. படிக்காமலேயே கையெழுத்திடுவது மற்றொன்று. முதல் வகையை நான் இருபது ஆண்டுகளாக மன்னித்து வருகிறேன். அந்தப் பயண அட்டையையும் அருவியையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

11. நாங்கள் நாகரிகமான சொல்லைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் என் குடல் காத்திருக்கவில்லை. குழாய்முனைகள் தீர்ந்தன. கடைகளில் விசாரித்தபோது தோட்டத்துக்கா என்று கேட்டார்கள். மாத்திரையும் தேய்ப்புமாகச் சில வாரங்கள் ஓட்டினோம். அச்சகத்தில், ஆறாம் வகுப்புப் பாடநூலின் இறுதிப்படியைச் சரிபார்க்க ஆசிரியர் குழு கூடியிருந்த நேரத்தில், எனக்கு அறிவிக்காமல் அது நடந்தது. ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். இன்னொருவர் தேநீர் நேரம் ஆகிவிட்டது என்றார், ஆகவில்லை. நல்லவர்கள். அந்த நல்லதனத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மறுநாள் மேலாளர் தொலைபேசியில், "நீங்க வீட்லேர்ந்தே பாத்துக்கலாமே சார், எதுக்குச் சிரமம்?" என்றார். யாருடைய சிரமம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் அடைப்பு. மண்டை வலி, வியர்வை, கண் இருட்டல். மனைவி பணியிடத்தில் ஒலிவாங்கியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவசரப் பிரிவுக்கு என்னைத் தூக்கிச் சென்றபோது ரத்த அழுத்தக் கருவியின் எண்ணைப் பார்த்த இளம் மருத்துவர், கருவி பழுது என்று நினைத்து வேறொன்று எடுத்துவரச் சொன்னார். அதுவும் அதே எண்ணைக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது. அன்று பிழைத்தேன். அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

12. இப்போது வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே எடுத்து, பை மாட்டும் அறுவைக்கு என்னைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை. அந்த அறுவையை நான் இழிவாகப் பேசவில்லை. எங்கள் அறைக்கு வந்துகொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு எல்லா முறைகளும் பார்த்து எதுவும் பலிக்காமல் அதைச் செய்தார்கள். "மொதல்லயே பண்ணியிருக்கலாம் சார், வாழ்க்கை லேசாயிடுச்சு" என்று அவர் சொல்கிறார். அவருக்கு அது மீட்சி. அவர் எல்லாக் கதவுகளையும் தட்டிப் பார்த்துவிட்டு அந்தக் கதவுக்கு வந்தவர். எனக்குத் திறந்திருந்த கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கதவைக் காட்டுகிறார்கள். வேறுபாடு அவ்வளவுதான். தங்கள் வரையறைப்படி பார்த்தால் நான் மகிழ வேண்டும்: கீறல் உண்டு, துளை உண்டு, மருந்து நுகர்வு உண்டு. ஒருவழியாக எனக்குச் சிகிச்சை கிடைக்கப் போகிறது.

அறுவை மருத்துவர் நேர்மையானவர். கோப்பைப் புரட்டிவிட்டு, "அந்த ரூம் ஓடிட்டு இருந்தா நான் இதை எழுதியே இருக்க மாட்டேன் சார். ஆனா உங்களை இப்படியே விட்டா ஒரு நாள் மொத்தமா போயிடுவீங்க. எனக்கு வேற வழி இல்ல" என்றார்.

13. அவர் ஒரு சம்மதப் படிவத்தைத் தந்தார். அதில் அச்சிடப்பட்ட ஒரு வரி: "அறுவையற்ற முறைகள் யாவும் எனக்கு முறையாக அளிக்கப்பட்டு, அவை பயனளிக்கவில்லை என்பதை அறிந்தே சம்மதிக்கிறேன்." நான் பேனாவை மூடிவிட்டேன். "இது எல்லாரும் போடறதுதான் சார், ஃபார்மாலிட்டி" என்றார் மருத்துவர். வரியை மாற்ற முடியுமா என்றேன். மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். அந்த அதிகாரம் யாருக்கு என்று கேட்டேன். தங்கள் பதவியைச் சொன்னார்.

ஐயா, அந்த வரி பிழை. முறைகள் எனக்குப் பயனளித்தன. பயனளித்ததற்குச் சாட்சியாக ஓர் அச்சகமும் ஒரு மனைவியும் ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடமும் இருக்கின்றன. அந்த வரியின் கீழ் என் கையெழுத்து விழுந்தால், தங்கள் குழு செய்தது சரி என்று நானே சான்றளித்ததாக ஆகிவிடும். நாளை அந்த அறைக்காக வேறொருவர் மனு எழுதினால் அந்தத் தாளை எடுத்து அவர் முகத்தில் காட்டுவார்கள். கையெழுத்திடாவிட்டால் அறுவை இல்லை. அறுவையும் இல்லாமல் அறையும் இல்லாமல் என்னால் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்பதை மருத்துவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். என் மனைவி இரண்டு நாட்களாக அந்தப் படிவத்தை என் கண்ணில் படும்படி வைக்கிறார். நான் எடுத்து மடித்து வைக்கிறேன். அவர் மறுபடி விரித்து வைக்கிறார். "உங்க பிழை திருத்தற புத்தியை உயிர் விஷயத்துல காட்டாதீங்க" என்று நேற்றுச் சொன்னார். அவர் சொல்வது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

14. ஆகவே தாங்கள் செய்ய வேண்டியதைக் கூறுகிறேன்.

(அ) வியாழக்கிழமைக்கு முன் அறையைத் திறக்க வேண்டும். சாவி சலவைப் பிரிவில் தொங்குகிறது, பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். உடைந்த நாற்காலிகளைத் தாங்கள் விரும்பினால் தங்கள் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

(ஆ) அலாரம் அக்காவை அனுமதிச் சீட்டு ஜன்னலிலிருந்து எழுப்பி அனுப்ப வேண்டும். அங்கே முத்திரை குத்த ஆள் கிடைப்பார்கள். தங்கள் குழுவிலேயே மூவர் இருக்கிறார்கள்.

(இ) கண்காணிப்பாளரின் கழுத்திலிருந்து இயந்திரத்தைக் கழற்ற வேண்டும்.

(ஈ) மேற்கண்டவை இயலாது எனில், வியாழக்கிழமை காலை அறுவைப் பிரிவுக்குத் தாங்கள் நேரில் வர வேண்டும். அந்தப் படிவத்தின் அந்த வரியை என் கண்முன் அடித்துவிட்டு, "முறைகள் பயனளித்தன, அந்த அறையைப் பூட்டியது நான்" என்று தங்கள் கைப்பட எழுதி, அதன் கீழ் ஒப்பமிட வேண்டும். அதன் பிறகு நான் கையெழுத்திடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அங்கேயே திருத்தித் தருவேன். சிவப்பு மைப் பேனா என்னிடம் இருக்கிறது. தாங்கள் கொண்டுவர வேண்டாம்.

நாள்: இம்மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.
இடம்: வீடு. வெளியே எங்கும் போகவில்லை.

அந்த வரியின் கீழ் இதுவரை கையெழுத்திடாத,
(ஒப்பம்)
பிழை திருத்துநர்